நான்காம் நரி

பெசினோக் ஊருக்கு மேலே, கார்பாத்தியன் சரிவில்,
ஓக் மரக் கிளையொன்றில்
எட்டு மீட்டர் கம்பியைத் தொங்கவிட்டு,
அடியில் ஒரு பச்சைப் பெட்டியோடு
புதருக்குள் படுத்திருக்கிறேன்.
இன்று நான் நரி.
ஐந்து நரிகளில் நான்காவது.

வார நாட்களில் பிராட்டிஸ்லாவா டிராம்களுக்கு
மின்சுற்று பார்ப்பவன்.
வண்டி நடுவழியில் நின்றால் திட்டு வாங்குபவன்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
என்னைத் தேடி ஆட்கள் ஓடி வருகிறார்கள்,
மூச்சிரைக்க, முழங்காலில் முள் கீறியபடி.

பெட்டி பேசுவது ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம்:
இரண்டு கோடு, மூன்று கோடு, நான்கு புள்ளி.
மிச்ச நாலு நிமிடமும் மற்ற நரிகளின் முறை.
நான் பேசக் கூடாது. கையாட்டக் கூடாது.
தும்மலைப் பற்றி
விதிப்புத்தகத்தில் ஒன்றுமில்லை.

தேடுகிறவர் கையில் ஒரு ரிசீவர், அதில் ஃபெரைட் தண்டு.
திருப்பத் திருப்ப ஒலி ஏறும், இறங்கும்.
ஏறுகிற பக்கத்தை நம்பக் கூடாது;
உரக்கக் கேட்பது அகலமாகக் கேட்கும்,
பாதிக் காடும் அதற்குள் அடங்கிவிடும்.
எந்தத் திசையில் சட்டென்று செத்துப்போகிறதோ
அந்தக் கோட்டில்தான் நரி.
முன்னாலா, முதுகுக்குப் பின்னாலா என்று சொல்ல
இன்னொரு சின்னக் கம்பி உண்டு.

பல் மருத்துவர் திராகோஸ்லாவாவின் சின்னக் கம்பி
போன வசந்தத்தில் முறிந்தது.
மாற்றவில்லை.
அறுபத்தோரு வயதில்
ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி வாய்ப்பில்
மலை ஏறுகிறார், தப்பென்றால் இறங்குகிறார்.

வெண்டெலின் வந்து போய் ஒரு மணி நேரம் ஆகிறது.
என் தோள்பையைத் தாண்டிக் குதித்தான்,
அட்டையில் ஓட்டை போட்டான்,
அடுத்த நரியின் பக்கம் காது திருப்பிக்கொண்டே
ஓடிவிட்டான்.
என் முகத்தை அவன் பார்த்திருக்க வழியில்லை.

இப்போது அவர்.
இரண்டு கை தூரத்தில்.
என் நிமிடம் அப்போதுதான் முடிந்திருந்தது.
ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு
பையிலிருந்து ஒரு பிளம் எடுத்தார்.
தின்றார், அவசரமில்லாமல்,
நோயாளி வாயைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார் என்ற
கவலையே இல்லாதவர்போல.
கொட்டை என் செருப்பருகில் விழுந்தது.

நாலு நிமிடம் என்பது
காட்டில் ஒருவரோடு பேசாமலிருக்க
மிக நீளமான நேரம்.
ஒரு எறும்பு என் மணிக்கட்டைக் கடந்து முடித்தது.
மூக்கில் ஏதோ கிளம்பி, யோசித்து, அடங்கியது.

என் முறை வந்தது.
பெட்டியின் சிவப்புப் பொட்டு எரியவில்லை.

பாட்டரி முனையில் கிளிப் நழுவியிருந்தது,
துரு தின்ற பல்.
போன மாதமே மாற்றியிருக்க வேண்டும்;
நானும் அவரைப் போலத்தான்.
மண்ணில் கையை ஊர்ந்து நகர்த்தி
கட்டைவிரலால் கிளிப்பை அழுத்திப் பிடித்தேன்.
பொட்டு எரிந்தது.
கோடு கோடு. கோடு கோடு கோடு.
பன்னிரண்டு வோல்ட் யாரையும் கடிக்காது,
ஆனால் விரல் எடுத்தால் நரி செத்தது.

அவர் தண்டைத் திருப்பினார்.
மெல்ல. இன்னும் மெல்ல.
கண்ணை மூடிக்கொண்டு,
கடைவாய்ப் பல்லின் வேரைத் தேடுகிற முகத்தோடு.
தண்டு நின்றது,
நேராக என் நெஞ்சைக் குறிபார்த்து.
அவர் காதுக்குள் இப்போது ஒன்றுமே கேட்காது.
எனக்கு அது தெரியும்.
சிரித்தார்.

அட்டையில் ஓட்டை விழுந்த பிறகுதான் சொன்னார்:
"உன் செருப்பை வந்தவுடனே பார்த்துவிட்டேன், பிஸ்ட்ரீக்."
பிறகு ஏன் நின்றீர்கள் என்று
கேட்க எனக்கு அனுமதியில்லை.
அவரே சொன்னார்:
"பார்த்துக் கண்டுபிடிப்பதானால்
இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
ஏன் மலையேற வேண்டும்?"

ஐந்தாவது நரி பேச ஆரம்பித்திருந்தது.
ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு
சரிவில் இறங்கினார்.
தப்பான பக்கம்.

விதி விதிதான்.
கட்டைவிரலில் கிளிப்பின் தடம் சிவந்திருக்க
நான் வாயை மூடிக்கொண்டேன்.
அப்போது பார்த்து
தும்மல் வந்தது.