பதினோரு முத்திரைகள்

ரயில் நிலையத்துக்கு எதிரே
மருந்துக் கடைக்கும் சாவி வெட்டுகிறவனுக்கும் நடுவே
இரண்டு முழ அகலத்தில் என் கடை.
ரீட்டா ஹெகாய், முத்திரை செய்பவள்.
பலகையில் ரஷ்ய மொழி, அதன் கீழ் கசாக்.
கொரிய மொழி இல்லை;
அதைப் படிக்கிறவர் எங்கள் வீட்டிலேயே இல்லை.

ரப்பரில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் பிறக்கும்.
தாளில் சங்கம் என்று விழ வேண்டுமானால்
என் கத்திக்கு அது ம்கங்ச.
முப்பது வருடமாகப் பின்னாலிருந்தே படிக்கிறேன்.
மனிதர்களையும் அப்படிப் படிக்க வரும் என்று
ஒரு காலத்தில் பெருமை பேசியிருக்கிறேன்.

பிப்ரவரி. நிலக்கரித் தூள் படிந்து
பனி எலிநிறத்தில் கிடந்த வாரம்.
தல்காத் என்றொரு பையன் வந்தான்.
அந்தச் சகதியிலும் அவன் காலணி பளபளத்தது.
ஒரே தாள், பதினோரு பெயர்கள்.
வட்ட முத்திரை, நீல மை, வியாழனுக்குள்.

ஆற்றைக் காப்போர் ஒன்றியம்.
பத்திரிகையாளர் அறக்கழகம்.
தேர்தல் பார்வையாளர் சுயேட்சை மன்றம்.
சுரங்கத் தொழிலாளர் மனைவியர் சுயேட்சைக் குரல்.
மேலும் ஏழு. எல்லாவற்றுக்கும் ஒரே தெரு,
ஒரே கட்டடம், அறை எண்கூட ஒன்றே.
"நெருக்கியடித்து உட்காருவார்கள் போல" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

"தம்பி, சுயேட்சை இல்லை, சுயேச்சை.
நாலு இடத்திலும் ஒரே பிழை."
வெளியே போய்த் தொலைபேசியில் பேசினான்.
கண்ணாடிக்கு அப்பால் அவன் தலை
ஆடி ஆடி ஒப்புக்கொண்டது.
திரும்பி வந்து சொன்னான்:
"அப்படியே இருக்கட்டும்.
ஆணையில் அப்படித்தான் இருக்கிறது."

சுயேட்சைக்கு ஆணை.
வாயை மூடிக்கொண்டு வெட்டினேன்.
பத்துக்கு மேல் என்றால் தள்ளுபடி உண்டு, கொடுத்தேன்.
ரசீது யார் பெயருக்கு என்று கேட்டதற்கு
பெயர் வேண்டாம், தொகை போதும் என்றான்.
அந்தப் பணத்தில் கடைக்குக் கணப்பு வாங்கினேன்.
இதையும் சொல்லிவிட வேண்டும்.
நல்ல கணப்பு. இன்றைக்கும் பழுதில்லை.

ஏப்ரலில் மூன்றாம் சுரங்கம் வெடித்தது.
மே மாதம் செய்தித்தாளில் ஒரு கடிதம்:
பாதுகாப்பில் குறையில்லை,
வெளியார் பேச்சை நம்பாதீர்,
நிர்வாகத்துக்கு நன்றி,
இப்படிக்கு, மனைவியர் குரல்.
அடியில் என் வட்டம்.
இடது ஓரம் லேசாக நசுங்கிய என் வட்டம்;
பெற்றவளுக்குத் தெரியாதா.

ஜூனில் கூலாஷ் வந்தாள், ஸிபாகுல் வந்தாள்,
பின்னால் பெயர் சொல்லாத ஐந்து பேர்.
அதில் ஒருத்தி அந்த வெயிலில்
ஆண்பிள்ளைக் கோட்டு போட்டிருந்தாள்.
பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.
"அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது.
அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்."
சேரத்தான் போனார்கள்.
கதவில் பதினோரு பெயர்ப்பலகைகள்,
ஒரு பூட்டு.

"நாங்கள் இல்லாமலே
எங்கள் குரல் எப்படிப் பேசுகிறது?"
ஸிபாகுல் என்னைக் கேட்கவில்லை, சும்மா கேட்டாள்.
அணைந்து கிடந்த கணப்பு
என் முதுகைச் சுட்டது.

பதிவில்லாத சங்கத்துக்கு முத்திரை செய்தால்
உரிமம் போகும். சட்டம் எனக்குத் தெரியும்.
அந்தப் பெயரையே வெட்டினேன்,
ஓர் எழுத்து மட்டும் மாற்றி.
ட் இருந்த இடத்தில் ச்.
கேட்டால் சொல்வேன்: இது வேறு பெயர் ஐயா,
எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

கூலாஷ் விலை கேட்டாள்.
வேண்டாம் என்று சொல்ல நா எழுந்தது.
அதற்குள் அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள்,
ஏழு கைகளிலிருந்தும் வாங்கிய சில்லறையை.
ஒற்றை முத்திரைக்குத் தள்ளுபடி கிடையாது.
முழு விலையும் வாங்கிக்கொண்டேன்.
ரசீது யார் பெயருக்கு என்றேன்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்
அவரவர் பெயரை.