செண்டுடுக்

நர்சரியில் கேட்டதற்கு ரோஸ்லான் சிரித்தான்.
"அது ரோட்டோரக் காடு, கக்.
காசு கொடுத்து யார் வாங்குவார்கள்?"
போகன்வில்லாவைக் காட்டினான்.
தாய்லாந்திலிருந்து வந்த ஏதோ ஒன்றை,
பெயர் அவனுக்கும் தெரியவில்லை,
பாதி விலைக்குத் தருகிறேன் என்றான்.

பாயா தெருபோங்கில்
கொண்டோவுக்காக மலையைச் சீவிய இடத்தில்
அந்தச் சிவந்த காயத்தின்மேல்
முதலில் வந்து நின்றது இதுதான்.
ஞாயிற்றுக்கிழமை, புல்டோசருக்கு விடுமுறை.
பழைய தோசைக்கரண்டியால் தோண்டி
ஈரச் சாக்கில் வேரைச் சுற்றி
மோட்டார் சைக்கிள் கூடையில் உட்கார்த்தினேன்.
சிக்னலில் நின்றபோது ஒரு போலீஸ்காரர்
செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பச்சை விழுந்துவிட்டது.

முதல் மாதம் அதனிடம்
ரொம்ப நல்லவளாக இருந்தேன்.
பை பையாகக் கறுப்பு மண், கோழி எரு,
வாரம் இரண்டு கரண்டி நீல உரம்.
இலை வெளுத்தது.
காம்பிலிருந்து நுனிவரை ஓடும் நரம்புகள் மட்டும்
பச்சையாகப் பிடிவாதம் பிடித்தன.
"வயிறு சரியில்லை அதற்கு"
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கோர் அண்டி சொன்னாள்.
எனக்குப் புரிந்த பாதி ஹொக்கியனில் அப்படித்தான் கேட்டது.

பிடுங்கிப் பின்பக்கச் சாக்கடையோரம்
எதுவும் முளைக்காத செங்களிமண்ணில் நட்டேன்.
நட்டேன் என்பதைவிட
விட்டேன் என்று சொல்லலாம்.
ஐந்து மாதத்தில் என் இடுப்புக்கு வந்தது.

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு ஷிப்ட்.
நுண்ணோக்கிக்கு அடியில்
மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பிகளில்
பிசகியதைத் தேடும் வேலை.
ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது
மொட்டு வாய் திறந்துகொண்டிருக்கும்.
தாஷினியைப் பள்ளிக்கு அனுப்பி
திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன்.
நாலரைக்கு எழுந்து பார்த்தால்
இதழெல்லாம் சாக்கடையில்.
ஒரு பூவுக்கு ஒரு பகல்தான்.
அந்தப் பகலை நான் தூங்கியிருப்பேன்.
நாற்பதுவரை எண்ணினேன்,
அப்புறம் எண்ணவில்லை.

ஒரு புதன்கிழமை மெஷின் கெட்டு ஷிப்ட் ரத்து.
காலையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு
பூவுக்கு எதிரே உட்கார்ந்தேன்,
பழக்கதோஷத்தில் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
ஐந்து ஊதா இதழ். பத்துக் கேசரம்:
ஐந்து மஞ்சள், குட்டை.
ஐந்து ஊதா, அரிவாளாய் வளைந்தவை.
கருவண்டு வந்து மஞ்சளைக் கட்டிக்கொண்டது.
சும்மா கேட்டால் இந்தப் பூ கொடுப்பதில்லை.
உடம்பை உதறி அது ஒரு சுருதியைப் பிடிக்க
தூள் கொட்டியது.
அதே அதிர்வில் ஊதாக் கேசரம்
வண்டுக்குத் தெரியாமல்
வயிற்றில் கொஞ்சம் பூசிவிட்டது.
வேலைக்கு வந்தவளின் முதுகில்
இன்னொரு வேலையும்.
எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு காய். காய் வெடித்துக் கறுத்த சதை.
முதுகில் சிவப்புக் கோடிட்ட
கட்டைவிரல் அளவுக் குருவிகள் வந்தன.
கோர் அண்டியின் வெள்ளைப் படுக்கைவிரிப்பில்
ஊதா எச்சம்.
இரண்டு நாள் கத்தினாள்.
மூன்றாம் நாள்
கொடியை இரண்டு முழம் தள்ளிக் கட்டினாள்.

தாஷினியின் வகுப்பாசிரியை போன் செய்தார்:
"நாக்கெல்லாம் கறுப்பு, டாக்டரிடம் காட்டினீர்களா?"
"பழம் சாப்பிட்டிருப்பாள்" என்றேன்.
"என்ன பழம்?"
தமிழில் அதற்கு என்ன பெயரென்று
எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை பஸ் வருமுன்
நானும் நாலைந்து பறித்து வாயில் போட்டேன்.
லேசான இனிப்பு. கொஞ்சம் மண்.
சுத்த அறையில்
தொப்பி, முகமூடி, கையுறை, வெள்ளை அங்கி;
எங்கள் வரிசையில் முப்பது பேருக்கும்
வெளியே தெரிவது கண் மட்டும்.
உள்ளே
என் நாக்கு
விடியும்வரை ஊதா.