ஐந்தடிக்கு மூன்றடி

ஹப்புத்தளையில் என் கடைக்குச் சட்டம் போட வருவன
முருகன், மாதா, மக்கா,
சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை,
முப்பத்தோராம் நாளுக்கு முந்திய மாலை
அவசரமாய்ப் பெரிதாக்கிய செத்தவர்கள்.
நாலு ஆணி, ஒரு கண்ணாடி, பின்னால் ஹார்ட்போர்ட்.

யுத்தம் வந்தது ஒரு வியாழக்கிழமை
தியத்தலாவை பஸ்ஸில்
பழைய கட்டில் விரிப்பில் சுற்றிக்கொண்டு.
இறக்கியவர் துவான் கிச்சில் அஹ்லிப்.
முன்னாள் கோப்ரல்.
இடக்காது கேட்காது; யாரையும்
வலப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேச்சு.
படையில் லொறிகளுக்கு இலக்கம் எழுதினாராம்,
வெளியே வந்து பஸ்களுக்குப் பெயர்.
இப்போது அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்துக்கு
ஆறு படம், ஆறு வெற்றி.

டேப்பைப் பிடித்தேன். ஐந்தடிக்கு மூன்றடி.
தலையில்லாப் பனைகள், குடைசாய்ந்த டிராக்டர்.
அந்தக் காய்ந்த நாட்டில்
புகை மட்டும் ஈரமாய் இருந்தது.

"இது நம்ம ஊரு மூட்டமாச்சே" என்றேன்.

"புகையை நின்று பார்க்க அங்கே நேரம் கிடைக்கல்ல, தங்கச்சி.
மூட்டத்தைப் பார்க்க
இருபது வருசம் கிடைச்சது."

முதல் படம் திரும்பி வந்தது.
கொடி சிறிதாம்.
எதிரி போதாதாம்.
பொடியன்கள் களைத்துத் தெரிகிறார்களாம்.
கொடியைப் பெரிதாக்கினார்.
எதிரிக்கு மூன்று தலை கூட்டினார்.
"களைப்பை அழிக்க ஏலாது," என்றார்,
"அதுக்கு அடியில வெறும் துணிதான்."

எல்லாப் படத்திலும் எங்கோ ஒருவன்
குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பான்,
குண்டு விழும் நடுவிலும்.
யார் என்று கேட்டேன்.
"கட்டி முடிக்கட்டும்" என்றார்.

நாலாவது படம்.
வலது கீழ் மூலையில், விளிம்போடு விளிம்பாய்,
ஒரு கிணறு.
கட்டின் மேல் மஞ்சள் வாளி.

எண்பத்துமூன்றில் அத்தானின் கடை எரிந்தபின்
அக்கா அமராவதி லொறியேறிப் போனது அந்தப் பக்கம்தான்.
அங்கே பயமில்லை என்றார்கள்.
அவளுடைய கடைசிக் கடிதத்தில் ஆளைப் பற்றி ஒன்றுமில்லை:
கிணறு வெட்டியாச்சு,
தண்ணி உப்பு, சவுக்காரம் நுரைக்குதில்ல,
மஞ்சத் தண்ணியில் நனைத்த மாதிரி
வெள்ளைத் துணியெல்லாம் போச்சு.

கிணறு என்றால் அங்கே ஆயிரம். தெரியும்.
வாளி என்றால் சந்தையில் எல்லாமே மஞ்சள்தான்.
ஆனாலும் அவர் வலப்பக்கம் போய் நின்றேன்.
"இது யாருடைய கிணறு?"

விரிப்பை மடித்தார்.
மறுபடி விரித்து மடித்தார்.
"குடிச்சோம்" என்றார்.

"ஆள் இருந்தாங்களா?"

"கதவு திறந்து கிடந்தது.
வாளி ஈரமா இருந்தது."

வெளியே கொழும்பு ரயில் வந்து நின்று
போய்விட்டது.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அவர் எந்தக் காதைத் தந்திருப்பாரோ.

சட்டம் என்பது
நாலு பக்கமும் கால் அங்குலம் விழுங்கும்.
இது தொழில்; யாரும் கவனிப்பதில்லை,
வானத்தில் கொஞ்சம், புல்லில் கொஞ்சம் போகும்.
அன்றைக்கு அளவை மறுபடி போட்டேன்.
கீழேயும் வலப்பக்கமும் மெலிந்த மரம் வைத்து
இழைத்து, இழைத்து,
ஒரு கல்லும் மறையாமல் கட்டினேன்.

அந்த மண்டபத்துக்குள் நான் போனதில்லை.
நுழைந்ததும் கொடிதான் கண்ணில் படுமாம்.

மெலிந்த மரம் நூற்றிருபது ரூபா கூட.
அதை நான் பில்லில் போடவில்லை.
அவர் பில்லை இரண்டு தரம் வாசித்தார்.