ஜீரோ பார்த்துக்கங்க

தேவகோட்டை ரஸ்தாவில் ரயில்வே கேட்டைத் தாண்டி
சாத்தப்பன் பங்க். இரவு ஷிப்ட் எனக்கு.
வண்டி வந்து நிற்கும். எஞ்சினை அணைக்கச் சொல்வேன்.
ஜீரோ பார்த்துக்கங்க என்பேன்.
போனைப் பார்ப்பார்கள்.

பதினாறு வருஷம் நான் எண்ணெய் ஊற்றிய இடத்தில்
யாரும் நின்று வாங்கியதில்லை.
எங்கள் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்.
வலப்பக்கம் போர்க்கப்பலும் ஓடும், அதே வேகம்,
ஐம்பது கஜம் தள்ளி, ஒட்டாமல் விலகாமல்.
இடையில் மாட்டிய கடல் உலைநீராய் எகிறும்.
முதலில் துப்பாக்கியில் ஒரு நூலைச் சுடுவார்கள்.
நூலைப் பிடித்துக் கயிறு, கயிற்றைப் பிடித்து வடம்,
வடத்தில் கல்யாணத் தோரணம் மாதிரித் தொய்ந்து
கறுத்த குழாய்.
செங்கொடி ஏறிவிட்டால் பீடி கிடையாது.
கோடரியோடு ஒருவன் நிற்பான்,
ஏதாவது பிசகினால் வெட்டிவிட.
அவனுக்கு அது மட்டும்தான் வேலை.
கடலில் பிரேக் இல்லை.

என் காதில் போன். மறுமுனையில் அந்தக் கப்பல் ஆள்.
பெயர் சொல்லக்கூடாது, ஸ்டேஷன் நம்பர்தான்.
நான் ஆறு. அவன் நாலு.
அழுத்தம் என்ன, தூரம் என்ன,
எல்லாம் இந்தியில், இங்கிலீஷில்.
திடீரென்று ஒருநாள்,
"மெதுவா விடப்பா, நுரைக்குது."
அந்த ரையை ஒரு இழுப்பு இழுப்பான்.

மூன்று பயணம். முகம் தெரியாது.
தலைக்கவசம் போட்ட நாற்பது பேரில் எவனோ.
கடைசித் தடவை கேட்டான்: வெங்காயம் இருக்கா,
தீர்ந்து பதினோரு நாளாச்சு,
சமையல்காரன் யாரோடும் பேசறதில்ல.
கம்பியில் மூட்டை மூட்டையாய் அனுப்பினோம்.
நடுவே ஒரு அரிசிச் சாக்கில் புதுவயல் மில் முத்திரை.
அதைச் சொல்ல நேரமில்லை.
பத்தாவது வெங்காய மூட்டை
அலையில் விழுந்தே போனது.
"கடலும் சாம்பார் வைக்கட்டும்" என்றான்.
அதற்குள் பிரியச் சொல்லி உத்தரவு. வயரைக் கழற்றினார்கள்.
நான் கொடுத்தது பத்து. அவன் வாங்கியது ஒன்பது.
மிச்சம் ஒன்று இன்றுவரை எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை.

நேற்று ராத்திரி இரண்டேகால்.
வெள்ளை இன்னோவா, பின்சீட்டில் பிள்ளைகள் தூக்கம்,
டீசல் ஃபுல்.
ஜீரோ பார்த்துக்கங்க.
இறங்கி வந்து, குனிந்து, பார்த்தார். "சரி" என்றார்.
முப்பத்தெட்டாவது லிட்டரில்,
"மெதுவா விடப்பா, நுரைக்குது."

எல்லா டீசலும் நுரைக்கும்.
யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.
காசை வாங்கினேன், பாக்கியைக் கொடுத்தேன்,
பத்து ரூபாய் குறைகிறது என்றார், அதையும் கொடுத்தேன்.
கார் நகர்ந்தது.
நானும் நகர்ந்தேன், கூடவே, ஓட்டமும் நடையுமாய்,
கண்ணாடிக்கு இரண்டடி தள்ளி,
ஒட்டாமல் விலகாமல்,
காற்றடிக்கிற மிஷின் வரைக்கும்.
"நாலு," என்றேன், மூச்சு வாங்க,
"வெங்காயம் ஒம்பதுதானே வந்துச்சு?"

செம்மண் ரோட்டோரம் இன்னும் சிவக்க
பிரேக் விளக்கு எரிந்தது.