நாற்பத்தொரு புள்ளிகள்

மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால்
பக்கம் ஒருமுறை செத்துப் பிழைக்கும்.
சர்வருக்கு ஞாபகம் கிடையாது.
தான் வரைந்த கட்டங்களைத்
தானே மறுநொடி மறந்துவிடும்.
அதனால் பக்கத்தின் அடிவயிற்றில்
யார் கண்ணுக்கும் படாத ஒரு நீளச் சரம்
எதை எழுதினாய், எதை அழித்தாய் என்று
சுருட்டிக்கொண்டு போய்ப் போய் வரும்.
பன்னிரண்டு வருஷமாய் இதைத்தான் மேய்க்கிறேன்,
பீச் ஸ்த்ரீட்டில், மூன்றாம் மாடியில்,
ஃபெர்ரி ஊதுவது கேட்கும் மேசையில்.

பழைய சாமான், தூக்கிப் போடு என்பான் ஹாபிஸ்.
காசு என்பார் மிஸ்டர் கூ.

போன வாரம் ஒரு புகார்.
பாலர் பள்ளிப் பதிவில்
மாவட்டம் நிற்கமாட்டேன் என்கிறது.
வியாதி தெரிந்ததுதான்:
பக்கம் திரும்பி வரும்போதெல்லாம்
பட்டியலைப் புதிதாய் நிரப்பினால்
விரல் வைத்த இடம் அழிந்துபோகும்.
முதல் தடவையாய் இருந்தால் மட்டும் நிரப்பு.
ஒரே ஒரு 'இருந்தால்'.
போட்டேன். நின்றது.
திமோர் லாவுட், பாராட் டாயா, மூன்று செபராங் பிறையும்
சொன்ன பேச்சைக் கேட்டு நின்றன.

சரிபார்க்கத்தான் தரவுகளைத் திறந்தேன்.
தந்தை பெயர் என்ற பத்தியில்
ஒரு புள்ளி.
கொஞ்சம் கீழே இன்னொன்று.
எண்ணினேன், நாற்பத்தொன்று.
இவை போக
ஒருவர் சின்னக் கோடு இழுத்திருந்தார்.
ஒருவர் 'தியாடா' என்று மலாயில்.

அந்தக் கட்டத்துக்குக் காவல் வைத்தவள் நான்.
காலியாய் விட்டால் சிவப்பு எழுத்து:
இந்தக் கட்டம் அவசியம்.
அது தமிழில்தான் வரவேண்டும் என்று
கூட்டத்தில் சண்டை பிடித்தவளும் நான்.

மாவட்டம் தவறியவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் வேலை.
விமலேஸ்வரி, நிபோங் தெபால்.
மகன் கவினேஷ், ஐந்து வயது.
செபராங் பிறை செலாத்தான்தானே?
ஆமாம் என்றவர் வைக்கவில்லை.

"அந்தப் புள்ளி தப்பா மேடம்?
காலியா வுட்டா இந்தப் பாரம் போகவே மாட்டேங்குது லா.
மூணு தடவ அழுத்துனேன்.
மூணு தடவயும் அங்கயே கொண்டுபோயி நிறுத்துது.
பையன் இப்பதான் எழுத்துக் கூட்டுறான்.
பக்கத்துல ஒக்காந்து சத்தமா படிக்கிறான்,
இ-ந்-த-க் க-ட்-ட-ம் அ-வ-சி-ய-ம்."

தப்பில்லை என்றேன்.
வேறென்ன சொன்னேனோ, ஞாபகமில்லை.

கட்டத்தையே மறைத்துவிடலாம்.
மறைத்த கட்டம் சர்வரின் மரத்தில் இருக்கும்,
பக்கத்தில் வராது, கேள்வியும் கேட்காது.
ஆனால் எழுத அப்பா இருக்கிற பிள்ளைகள் எழுதட்டுமே.
கட்டம் இருக்கட்டும், காவல் போகட்டும்.
அதற்கும் ஒரு காவலா இருந்தது?
உலாவியில் ஒன்று, சர்வரில் ஒன்று,
தரவுத்தளத்தின் வாசலில் மூன்றாவது.
இவ்வளவு பயந்திருக்கிறேன்
ஒரு வெற்றிடத்துக்கு.

மூன்றையும் எடுத்தேன்.
காரணம் என்ற இடத்தில்
'அவசியமில்லை' என்று மட்டும் எழுதினேன்.
மிஸ்டர் கூ படித்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் ஒப்புதல் கொடுத்தார்.

புள்ளிகளை அழிக்கும் கட்டளையையும்
எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டவில்லை.
ஒவ்வொன்றும் யாரோ வேறு வழியில்லாமல்
தேடிக் கண்டுபிடித்த சாவி.

கவினேஷுடையதை மட்டும், அவர் கேட்டதால்,
காலியாக்கி
பெயர் அட்டையை அச்சிட்டுப் பார்த்தேன்.

கவினேஷ் த/பெ

அவ்வளவுதான். அதன்பிறகு வெள்ளை.
தந்தை பெயருக்கு முன்னால்
தானாக ஒட்டிக்கொள்ளும்படி
அதையும் நான்தான் எழுதியிருக்கிறேன்,
எந்த வருஷமோ, எந்த அவசரத்திலோ.

ஃபெர்ரி ஊதியது.
அடுத்ததில் போகலாம் என்று உட்கார்ந்தேன்,
இன்னொரு 'இருந்தால்' எழுத.