பார்வையாளர் வகை

மாகடிப் பக்கத்துக் காடுகளில் பனி இறங்கினால்தான்
அவரைக்கு அந்த மணம் வரும்.
தோலில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு
சோப்புப் போட்டாலும் சாயங்காலம்வரை
விரலைவிட்டுப் போகாத மணம்.
கன்னடத்தில் அதற்கென்றே ஒரு சொல், சொகடு.
தமிழில் தேடிப் பார்த்தேன்.
இப்போதைக்கு வாசனை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சொல்லைக் கொடுத்தவர் சித்தலிங்கப்பா.
ஆறாயிரம் லிட்டர் டேங்கர் ஓட்டுகிறார்.
போர்வெல் இருமி இருமி ஓய்ந்த ஏப்ரலில்
முந்நூறு வீட்டுக் குழாய்களும் வெறும் காற்றை விட்ட ஓர் இரவு
இரண்டரை மணிக்குப் பின்கேட் வழியாக வந்தார்.
நான் தண்ணீர்க் கமிட்டி; டார்ச் பிடித்து நின்றேன்.
ஹோஸிலிருந்து விழுந்த முதல் தண்ணீரைக்
கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துக் காட்டினார்.
நான் கேட்கவில்லை.
கேட்டிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம்.
அவர் மகளின் நர்சிங் காலேஜ் படிவத்தை நிரப்பினேன்.
எனக்கு டெங்கு வந்தபோது
டேங்கர் சாவியோடு ஒரு தூக்குவாளியும் வந்தது,
களியும் சூடான சாறும்.
மென்று தின்னாதே, விழுங்கு என்றார்.
இன்னும் எனக்கு அது சரியாக வரவில்லை.

போன ஞாயிறு லாரி இல்லாமல் வந்தார்,
தேய்த்த சட்டை, தோளில் அவரைச் சாக்கு,
முதல்முறையாக முன்கேட்டில்.
காவலர் துலாலின் செல்போன் கேட்டது:
டெலிவரியா, டாக்ஸியா, வேலையாளா, விருந்தினரா?
துலால் சட்டையைப் பார்த்தான். சாக்கைப் பார்த்தான்.
நாலாவது மாடியில் என் போன் மணியடித்தது:
உங்கள் டெலிவரி வந்துள்ளது. வாசலிலேயே வைக்கலாமா?

படியிறங்கி ஓடினேன்.
ஒருமுறை அழுத்திய வகையை மாற்ற முடியாதாம்.
பதினைந்து நிமிடம் கழித்துப் புதிதாகப் பதியலாமாம்.
டெலிவரிக்குப் பின்பக்க லிஃப்ட்.
நான் கத்தினேன்; துலால் தலைகுனிந்தான்;
கத்தியது அவனிடம் இல்லை என்று
அவனிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.
சித்தலிங்கப்பா அதற்குள் தூங்குமூஞ்சி மரத்தடியில்
சாக்கைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்.
"பதினஞ்சு நிமிஷம்தானே, உரிப்போம்."

உரித்தோம். துலாலும் வந்தான்.
கூச்பிகாரில் இதைச் சீம் என்பார்களாம்,
மீனோடு போடுவார்களாம்.
நாங்கள் மொச்சை என்போம் என்றேன்.
வேறு காய் அது என்றார் சித்தலிங்கப்பா.
அதே காய்தான் என்றேன்.
முடிவுக்கு வரவில்லை.
சாலையோர மாடு தோலைத் தின்றுகொண்டிருந்தது.

பி-பிளாக் அம்மாள் நடைப்பயிற்சி முடிந்து நின்றார்.
"கிலோ என்ன விலை?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
தினமும் லிஃப்டில் பார்க்கிற முகம் என்னுடையது.
விற்கவில்லை என்று சித்தலிங்கப்பா
இரண்டு கை அள்ளி அவர் துப்பட்டாவில் போட்டார்.
அவரோ இன்னொரு கையில் போனைத் திறந்து
பணம் அனுப்பும் கட்டம் எங்கே ஒட்டியிருக்கிறதென்று
மரத்தின் அடியைத் தேடினார்.

பதினைந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.
டேங்கர் முறை வந்துவிட, மேலே வராமலே கிளம்பினார்.

ராத்திரி ஊறவைத்தேன்.
இன்று காலை ஒவ்வொன்றாகப் பிதுக்குகிறேன்.
பருப்பு நழுவி அடுப்புக்குப் பின்னால் பாய்கிறது.
பிதுக்கு, அவர்களுக்கு ஹிதுகு.
நம் பகரம் ஓசூர் தாண்டினால் மூச்சாகிவிடுகிறது.
பால், ஹாலு.
புல், ஹுல்லு.
பெயர், ஹெசரு.

போன் அடிக்கிறது.
கொதி வந்ததா, உப்பை முன்னால் போடாதே என்று
சொல்வதற்காக இருக்கும்.
திரையில் எரிகிறது:
தண்ணி லாரி 2.
மூன்று வருடமாக அப்படித்தான் எரிகிறது.
ஒன்று யாரென்று நினைவில்லை.

ஈர விரலுக்குத் திரை அசையவில்லை.
வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தேய்க்கிறேன்.