மூண்டு நாலு பேர்

புதன்கிழமை எங்கள் முறை.
புர்க்டோர்ஃப், ஏழு வீட்டுக் கட்டடம், நிலவறை.
சுவரில் தொங்கும் அட்டவணையில்
அப்பாவின் பெயரை யாரோ ஓர் எழுத்து விட்டு எழுதியிருக்கிறார்கள்.
பதினாறு வருடமாக அந்த எழுத்து வரவில்லை.

குறுகிய கழுவல், நாற்பது பாகை: சரியாக முப்பது நிமிடம்.
பரீட்சையிலும் கட்டுரைக்கு அவ்வளவுதான்.
பொத்தானை அழுத்திவிட்டு
இஸ்திரி மேசையில் மடிக்கணினியை விரிப்பேன்.
கண்ணாடிக்குள் அப்பாவின் வேலைச் சட்டை
கை தூக்கித் தூக்கி விழும்.

இல்லாத ஊரொன்றின் மேயர் சொல்கிறார்:
பாலத்தடியில் வெதுப்பகம் திறந்த பிறகு
நூலகத்துக்கு வருபவர்கள் கூடிவிட்டார்கள்,
ஆகவே ஊருக்கு இன்னும் இரண்டு வெதுப்பகம் வேண்டும்.
ஒத்துக்கொள்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை.
அவர் சொல்லாமல் நம்பியிருப்பது எது,
எந்தச் சான்று கிடைத்தால் வாதம் நிற்கும், எது கிடைத்தால் விழும்,
அதை மட்டும் எழுது.

முதல் ஒன்பது கட்டுரையிலும் மேயருக்காகத்தான் வாதாடினேன்.
பாவம், ஊருக்கு நல்லது நினைக்கிற மனிசன்.
லொசானில் இருந்து நிரோஜினி திருத்தி அனுப்புவாள்:
ஆறுக்கு மூன்று.
‘நீ இரக்கப்படுகிறாய். இரக்கத்துக்குப் புள்ளி இல்லை.’

பத்தாவதில் பழகிவிட்டது.
மேயர்கள், மருந்துக் கம்பனிகள், மீன் குறைந்த ஏரிகள்.
‘ஆகவே’ என்ற சொல்லைக் கண்டால்
அடியில் கையை விட்டுத் தடவுவேன்,
சோபாவின் இடுக்கில் சில்லறை தேடுவதுபோல்.
ஏதாவது அகப்படும்.

போன கிழமை
விண்ணப்பத்துக்குப் பிறப்புப் பத்திரம் தேடியபோது
கறுப்புக் கோப்புக்குள், காப்புறுதிக் கடிதங்களுக்குப் பின்னால்
அப்பாவின் நிராகரிப்பு. தொண்ணூற்றொன்று, மார்ச்.
நாலு பக்கம், பிழையில்லாத ஜெர்மன்.
விண்ணப்பதாரர் முதல் விசாரணையில் மூன்று பேர் வந்தார்கள் என்றார்.
இரண்டாவதில் நான்கு பேர் என்றார்.
வாகனத்தின் நிறத்தை அவரால் சொல்ல முடியவில்லை.
ஆகவே அவரது கூற்று நம்பத்தக்கதல்ல.

ஆகவே.

இந்தப் புதன் மேயரை விட்டுவிட்டேன்.
படுக்கை விரிப்புகள் சுழலத் தொடங்க, எழுதினேன்:
பயந்தவன் நிறம் பார்ப்பான் என்று இவ்வாதம் நம்புகிறது.
பயம் நின்று தலைகளை எண்ணும் என்று நம்புகிறது.
இரண்டு அறையிலும் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள்
ஒரே காதால் கேட்டார்கள் என்று நம்புகிறது.
பத்தொன்பதாம் நிமிடத்தில்தான் பிடிபட்டது.
எங்கள் பேச்சில் அது ஒரே சொல்.
மூண்டு நாலு பேர்.
இடையில் நிறுத்தம் இல்லை, ‘அல்லது’ இல்லை.
ஒருவர் அதன் தலையை எடுத்திருக்கிறார்,
மற்றவர் வாலை.
முரண்பாடு என்று கோடிட்ட இடத்தில்
அப்பா ஒரே வசனத்தை இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

நாலு நிமிடம் மிச்சம். சரிபார்க்காமல் அனுப்பினேன்.
மெஷின் நின்று, கதவு ‘டக்’ என்று விடுபட்டுக் கொஞ்ச நேரத்தில் பதில்:
ஐந்தரை. ‘அருமை. ஆனால் இது உன் ஊகம்.
எந்தச் சான்று வேண்டும் என்று முடிவில் நீ கேட்கவேயில்லை.’
யாருடைய வாதம் என்று அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

அப்பா கூடையுடன் படியிறங்கி வந்தார்.
அந்த நாலு பக்கத்துக்குப் பிறகு ஆறு வருடம்
விடுதிச் சமையலறையில் அவர் பாத்திரம் கழுவியதும்
பின்பு வேறொரு கடிதம் வந்ததும்
கோப்பில் அடுத்தடுத்த தாள்கள்.
விரிப்பின் இரண்டு முனையை என்னிடம் நீட்டினார்.
ஈரம் கனத்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:
அண்டைக்கு எத்தனை பேர் வந்தவை, அப்பா?

எண்டைக்கு என்று அவர் கேட்கவில்லை.
‘மூண்டு நாலு பேர்’ என்றார்,
விரிப்பை ஒருக்கா உதறி.
பிறகு, ‘உலர்த்தியிலை பஞ்சு வடியைத் துடைச்சியே?
ராம்சையர் மனுசி திரும்பவும் துண்டு எழுதி ஒட்டும்.’